'ஆல்' எங்கே என்று கேட்ட மாணவி

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோவு குறைந்ததை அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். எழுதப்பட்டது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்டு வாசிப்பதை, கருத்தரங்குகளில் 'விமர்சன எழுத்தறிவு' என்று பேசுகிறார்களே, பரீட்சையும் நாற்பது பிள்ளைகளும் உள்ள வகுப்பில் அதை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர். அண்மையில் தரம் 10 இலக்கண வகுப்பில் நடந்ததையே அதற்குப் பதிலாக எழுதுகிறேன்.

செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சிக்கு 'கண்ணன் பாடம் படித்தான்' போன்ற வாக்கியங்களைத்தானே வழக்கமாகக் கொடுப்போம். இம்முறை கரும்பலகையில், '1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது', 'எரிக்கப்பட்டது', 'எரித்தார்கள்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றும் ஒரே செய்தியையா சொல்கின்றன என்று கேட்டேன். நெருப்புத் தானாகப் பிடித்ததுபோல முதலாவது வாக்கியம் இருக்கிறது என்றான் ஒருவன். பின்வாங்கிலிருந்த மாணவி எழுந்து, "சேர், இரண்டாவதில 'ஆல்' எங்க?" என்று கேட்டாள். செய்தவரைக் காட்டும் மூன்றாம் வேற்றுமை உருபைத்தான் அவள் தேடினாள். முப்பது வருடங்களாக இந்த இலக்கணத்தைப் படிப்பித்து வருகிறேன். விடுபட்ட ஓர் உருபுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம் என்பது அவள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

மே 31 இரவு மூட்டப்பட்ட அந்தத் தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்ததைப் பிள்ளைகள் அறிவார்கள். 'பொலிஸாராலும் காடையர்களாலும்' என்று வெற்றிடத்தை நிரப்ப அவர்களுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. அந்த வேகந்தான் என்னை யோசிக்க வைத்தது. விடை சரியானது, ஆனால் அதை அவர்கள் வாசித்துக் கண்டடையவில்லை, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள்.

ஆகவே அடுத்த கிழமை, '1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேறினார்கள்' என்று எழுதினேன். வகுப்பு அடங்கிப்போயிற்று. "அவையள் விட்டிட்டுப் போட்டினம் எண்டுதான் வீட்டில சொல்லுறவை, சேர்" என்றான் ஒருவன். 'வெளியேறினார்கள்' என்பதை அழித்து 'வெளியேற்றப்பட்டார்கள்' என்று மாற்றி, முன்னே ஒரு கோடு இழுத்து, 'ஆல்' என்று போட்டேன். முதல் நாள் கேள்வி கேட்ட அதே மாணவி 'விடுதலைப் புலிகளால்' என்று கொப்பியில் மிகச் சிறிய எழுத்தில் எழுதி, கையால் மூடிக்கொண்டாள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலமே அவகாசம் கொடுக்கப்பட்டது என்று நான் சொன்னபோது, அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவால் தினமும் ரியூசனுக்குச் சைக்கிளில் போய்வரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டில் ஆதிக்கம் செலுத்தும் கருத்து ஒன்று, எங்கள் ஒழுங்கைக்குள் ஆதிக்கம் செலுத்தும் கருத்து வேறொன்று. முதலாவதை மட்டும் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் கொடுத்தபோது குடாநாட்டில் பாடசாலைகள் எரிந்தன என்று நான் எழுதினால், 'ஆல்' எங்கே என்று நீரே கேட்பீர்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேரே 1963 இல் அந்நாட்டின் அங்கிக்கோஸ் ஊரில் முந்நூறு தொழிலாளருக்கு ஏறத்தாழ நாற்பது மணித்தியால வகுப்புகளில் எழுத வாசிக்கக் கற்பித்ததை ஆசிரியர் கலாசாலையில் ஒரு குறிப்பாகப் படித்தோம், நினைவிருக்கிறதா? எழுத்தறியாதவருக்கு அங்கே அப்போது வாக்குரிமை இல்லை என்பதை அந்தக் குறிப்பு சொல்லவில்லை. அதைப் பிற்காலத்தில் அறிந்தபோதுதான், மறு வருடம் ஆட்சியைப் பிடித்த இராணுவம் ஓர் ஆசிரியரை ஏன் சிறையிலடைத்தது என்பது எனக்கு விளங்கியது.

பிரச்சினை வரவில்லையா என்று கேட்பீர். வந்தது. ஒரு தந்தையார் பாடசாலைக்கே வந்து, சோதினைக்கு வராததை ஏன் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டார். கடந்தகால வினாத்தாளை எடுத்து, வினைமாற்றக் கேள்வியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "உதுக்கு வேற வசனம் கிடைக்கேல்லையா, மாஸ்ரர்?" என்றார். அவருடைய பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. போர்க்காலத்தில் பேசாமல் இருந்ததாலேயே பிள்ளைகளைக் காப்பாற்றிய தலைமுறை அது; நாமும் அந்தத் தலைமுறைதான். எனினும் அடுத்த தவணையிலும் இந்தப் பாடத்தை இப்படியேதான் நடத்துவேன்.

உம்மிடம் ஓர் உதவி வேண்டும். '1948 இல் மலையகத் தமிழர் பிரசாவுரிமை இழந்தனர்' என்ற வாக்கியத்தை ஹற்றனில் உமது வகுப்புக்குக் கொடும். வழியில் காசுப்பையைத் தவறவிட்டதுபோல அல்லவா இருக்கிறது அந்த 'இழந்தனர்'! உமது பிள்ளைகள் அதை எப்படித் திருத்தி எழுதுகிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். அந்தத் தாள்களைத் தபாலில் அனுப்பிவையும். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அவர்கள் எழுதுவதை உமக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உமது நண்பன்