வெள்ளைப் பசை ஏன் வெள்ளையாக இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி வேதியியலில் கூழ்மம் (ஒரு பொருளின் நுண்துகள்கள் இன்னொன்றில் கரையாமல் பரவிக் கிடப்பது) ஒரு பாடம், பலபடி (சின்ன மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்த பொருள்) இன்னொரு பாடம். முதலாவதில் பாலும் புகையும் மூடுபனியும் வரும், இரண்டாவதில் பாலித்தீனும் நைலானும் ரப்பரும் வரும், இரண்டு பாடமும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட், மரம் ஒட்டும் வெள்ளைப் பசை, ரப்பர் மரத்தில் வடியும் பால் இவையெல்லாம் ஒரே நேரத்தில் கூழ்மமும்தான், பலபடியும்தான். பலபடிக் கூழ்மம் என்றே இதற்குத் தனித் துறை இருக்கிறது. இந்தப் பொருள்களை மேசைமேல் வைத்து இரண்டு பாடத்தையும் சேர்த்து நடத்தினால் என்ன என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் ஆசிரியர் இல்லை. பெயிண்டுக்கான எமல்ஷன் (தண்ணீரில் பலபடித் துகள்கள் மிதக்கும் பால் மாதிரியான திரவம்) தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கத்தான் செய்யும்.

அறிவியல் கண்காட்சி என்றாலே பசையில் போராக்ஸ் கரைசலை ஊற்றி, கொழகொழவென்று ஸ்லைம் செய்து காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் அந்தப் பசை ஏன் வெள்ளையாக இருந்தது, கையில் ஒட்டிக் காய்ந்ததும் ஏன் நிறமில்லாமல் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்லைமைவிட இந்தக் கேள்விகள்தான் பெரிது என்பது என் கட்சி.

பசையில் இருக்கும் பாலிவினைல் அசிடேட் என்ற பலபடிக்கு நிறம் கிடையாது. தண்ணீருக்கும் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் மட்டும் வெள்ளை எங்கிருந்து வந்தது? பலபடி அங்கே கரைந்து கிடக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.47, தண்ணீருக்கு 1.33. இந்த வித்தியாசத்தால் ஒவ்வொரு உருண்டையின் எல்லையிலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது, எல்லா நிறமும் சிதறித் திரும்பி வருவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் ஆவியானதும் உருண்டைகள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி நசுங்கி, ஒன்றின் சங்கிலிகள் பக்கத்து உருண்டைக்குள் நுழைந்துவிடுகின்றன. எல்லை போனது, சிதறலும் போனது. ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, அடியில் கறுப்புக் காகிதம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தெளிவு பரவி வருவதும், நடுவில் ஒரு வெள்ளைத் தீவு சுருங்கிக்கொண்டே போவதும் நன்றாகத் தெரியும். மறுநாள் அந்தப் படலத்தை உரித்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் மெல்ல வெளுக்கும், ஆனால் திரும்பப் பசையாகாது. தண்ணீரோடு இருந்த பொருள் தண்ணீரில் ஏன் கலையவில்லை என்று அப்போது ஒரு மாணவியாவது கேட்பாள். அங்கேதான் பலபடிப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

எல்லாப் பலபடியும் இப்படிப் படலமாகாது. பாலிஸ்டைரீன் எமல்ஷனை அறை வெப்பநிலையில் காயவிட்டால் வெடித்த வெள்ளைப் பொருக்குதான் மிஞ்சும், ஏனென்றால் அதன் சங்கிலிகள் அசைய ஆரம்பிப்பதே சுமார் 100 டிகிரி செல்சியஸில்தான். அதற்கு மேல் சூடாக்கினால் அதே பொருக்கு இளகிச் சேர்ந்து தெளிவாகும். குளிர் அதிகமான நாளில் எமல்ஷன் பெயிண்ட் அடிக்காதே என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

அளவுகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், கணக்குப் போடப் பிடித்த பிள்ளைகளுக்கு இது தீனி. பாதிக்குப் பாதி பலபடி உள்ள எமல்ஷன் ஒரு மில்லிலிட்டர், உருண்டையின் விட்டம் 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோளத்தின் கன அளவுச் சூத்திரம் தெரிந்தால் போதும், அதற்குள் சுமார் பத்துக் கோடி கோடி உருண்டைகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிடலாம். அவற்றின் மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர், அதாவது ஒரு வகுப்பறைத் தரையில் பாதியாவது வரும். ஒரு சங்கிலியின் மூலக்கூறு நிறை பத்து லட்சம் என்று எடுத்துக்கொண்டு அவகாட்ரோ எண்ணையும் சேர்த்தால், ஒரு உருண்டைக்குள் சில நூறு சங்கிலிகள் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கின்றன என்பதும் தெரியும். இவ்வளவு நீளச் சங்கிலிகளை ஒரு கரைப்பானில் கரைத்திருந்தால் ஊற்றவே முடியாத கூழாகியிருக்கும், உருண்டைக்குள் அடைத்துவைத்ததால்தான் பால் மாதிரி ஓடுகிறது, கரைப்பான் நெடி இல்லாமல் தண்ணீரை வைத்தே பெயிண்ட் செய்ய முடிகிறது.

அப்புறம், இத்தனை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் எப்படி இருக்கின்றன? புத்தகம் சொல்லும் பதில் மின்சுமை. ரப்பர் பாலில் ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் பாஸ்போலிப்பிடும் எதிர்மின்சுமையோடு நிற்கின்றன, அமிலம் போதுமான அளவு விட்டால் அந்தச் சுமை குறைந்து பால் திரிந்து கட்டியாகிவிடும். வினிகரை வைத்தே செய்து காட்டலாம் (ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும், அம்மோனியா நெடி இருப்பதால் ஜன்னலையும் திறந்துவையுங்கள்). ஆனால் வெள்ளைப் பசையில் கொஞ்சம் உப்பைப் போட்டுப் பாருங்கள், அசையாது. மின்பகுளி (உப்பு மாதிரி தண்ணீரில் மின்சுமையுள்ள அயனிகளாகப் பிரிவது) சேர்த்தால் கூழ்மம் திரியும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை முழிக்கும். முழிக்கட்டும், அதற்குத்தானே சோதனை. இந்தப் பசையில் துகளைக் காப்பது மின்சுமை மட்டும் இல்லை. பாலிவினைல் ஆல்கஹால் சங்கிலிகள் துகளின்மேல் பதிந்து, மீதிப் பகுதி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு துகள் நெருங்கினால் அந்தச் சங்கிலிகளுக்கு இடம் போதாமல் விலக்கிவிடுகின்றன. போராக்ஸ் ஊற்றும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்லைமாவதும் இதே பாலிவினைல் ஆல்கஹால்தான். ஆக, கண்காட்சி ஸ்லைமுக்கும் கூழ்மப் பாடத்துக்கும் தொடர்பு ஏற்கெனவே இருக்கிறது, யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வரலாற்றிலும் நல்ல கதைகள் உண்டு. 1920-களில் ரப்பர், செல்லுலோஸ் எல்லாம் சின்ன மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்த கூழ்மங்கள்தான் என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். இல்லை, அவை உண்மையிலேயே நீளச் சங்கிலிகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இலிருந்து ஒற்றை ஆளாக வாதாடி, 1953-இல் நோபல் பரிசு வாங்கினார். அந்தச் சண்டையோடு பிரிந்த இரண்டு வீடுகள்தான் இன்றைக்கும் இரண்டு பாடங்களாக நிற்கின்றன என்று எனக்குத் தோன்றும். இன்னொரு கதை விண்வெளியில் நடந்தது. ஸ்டைரீன் மோனோமர் (பலபடிச் சங்கிலியாகக் கோக்கும் சின்ன மூலக்கூறு) தண்ணீரைவிட லேசு, பலபடியானதும் தண்ணீரைவிடக் கனம். அதனால் பெரிய உருண்டைகளைத் தரையில் செய்தால் முதலில் மிதக்கும், பிறகு அடியில் படியும், வேகமாகக் கலக்கினால் ஒட்டிக்கொள்ளும். எடையில்லாத இடத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் செய்து பார்த்தார்கள். அங்கே செய்த, எல்லாம் ஒரே அளவான 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் உருண்டைகளை அளவுகோலாகப் பயன்படுத்த அந்நாட்டு அளவைத் தர நிறுவனம் 1985-இல் விற்றது. விண்வெளியில் செய்து விற்பனைக்கு வந்த முதல் பொருள் அதுதான். இதைவிடச் சுவாரசியமான தொடக்கம் ஒரு வேதியியல் வகுப்புக்கு எங்கே கிடைக்கும்?

பாடத்திட்டம் ஏற்கெனவே பாரம் என்று சொல்வார்கள், நியாயம்தான். நான் புதுப்பாடம் கேட்கவில்லை, இருப்பதில் இரண்டு வகுப்பை இணைக்கச் சொல்கிறேன். டின்டால் விளைவுக்கு (கூழ்மத் துகள்களில் ஒளி சிதறி அதன் பாதை தெரிவதற்கு) ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு எமல்ஷன் விட்டு டார்ச் அடித்தால் போதும் (லேசர் என்றால் கண்ணில் படாமல்). எங்கள் ஆய்வகத்தில் கருவியைத் தொடுவதற்கு முன்பே, வெள்ளையில் நீலம் பாய்ந்திருந்தால் துகள் சின்னது, பால்வெள்ளை என்றால் பெரியது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவோம். அதைப் பிள்ளைகளும் ஒரு பீரியடில் கற்றுக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஆர்வக்கோளாறில் பள்ளியிலேயே பலபடியாக்கல் செய்து காட்டுகிறேன் என்று இறங்காதீர்கள். மோனோமர், சோப்பு, பொட்டாசியம் பெர்சல்ஃபேட், சூடு என்று கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் ஸ்டைரீனும் வினைல் அசிடேட்டும் தீப்பிடிக்கும், ஆவி உடம்புக்கு ஆகாது, வினை கைமீறினால் வெப்பத்தை அடக்க ஆலையிலேயே பாடுபடுவோம். ஆயத்தமாக விற்கும் பசையும் எமல்ஷனும் போதும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றவும் வேண்டாம், சாக்கடைக்குப் போவது பிளாஸ்டிக் துகள்தான். ஒரு தட்டில் கொட்டி நன்றாகக் காயவிட்டு, உரித்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எமல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு வாசகன்