வீடு மாறப்போகும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் சாமான் புராணம். மீதி அரைப் பக்கத்தில்தான் நீ எப்படி இருக்கிறாய் என்று தேடிப் படிக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்குப் பயந்தாவது படியேறத் தேவையில்லாத வீடு பார்த்தாயே, மகிழ்ச்சி. என் பக்கம் பெரிய செய்தி ஒன்றுமில்லை. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு கண்ணும் தெளிந்துவிட்டன. இதுவரை தெரியாத தூசியெல்லாம் இப்போது வீடு முழுக்கத் தெரிகிறது. இது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டுக்கு மேற்பார்வையாளராகப் பதவியேற்றிருக்கிறார். பேத்தி பேசத் தொடங்கி எல்லோரையும் அதட்டுகிறாள். யார் சாயல் என்று நீ எழுத வேண்டாம்.

இனி உன் மூன்றரைப் பக்கத்துக்கு வருகிறேன்.

வீட்டுச் சாமான் ஏற்றிச்செல்லும் மூன்று நிறுவனங்களிடம் கூலி கேட்டதில் ஒருவர் மட்டும் மற்ற இருவர் சொன்னதில் பாதிதான் சொல்கிறார், அவரையே பேசி முடித்துவிடலாம் என்று உன் வீட்டுக்காரர் துடிப்பதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறுக்கச் சொல். நான் சொன்னதாகவே சொல். அவருக்கு என்மேல் ஏற்கெனவே இருக்கும் கோபத்தில் இதனால் ஒன்றும் கூடிவிடாது. அந்தப் பாதி விலைக்காரர் உன் வீட்டுக்குள் வந்து பார்த்தாரா? "இரண்டு படுக்கையறை வீடுதானே?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தொகை சொன்னார் என்றால், அது உன் வீட்டுக்கான தொகை அல்ல. இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு கட்டிலும் நாலு நாற்காலியும் இருக்கலாம். ஒரு ஆயுளின் சேமிப்பும் இருக்கலாம். உன் வீடு எந்த வகை என்று எனக்குத் தெரியும்.

சாமான்கள் லாரியில் எவ்வளவு இடம் பிடிக்கும், எத்தனை ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும், எத்தனை மாடி, லிப்ட் உண்டா, லாரி வாசல்வரை வருமா அல்லது தெருமுனையிலேயே நின்றுவிடுமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அட்டைப்பெட்டி செலவாகும் என்பதையெல்லாம் கூட்டித்தான் கூலி வருகிறது. நெடுந்தூரத்துக்கு எடை போட்டுக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. இவற்றில் எதையும் பார்க்காமல் ஒருவர் தொகை சொல்கிறார் என்றால், பார்க்க வேண்டியதை லாரி வந்த பிறகு பார்ப்பார். "இவ்வளவு சாமான் என்று சொல்லவில்லையே" என்ற பேச்சு அப்போது எழும். பாதி வீடு லாரியில் இருக்கும். அந்த நேரத்தில் பேரம் பேசுவது, பாதித் தலையை மழித்த பிறகு கூலி பேசுவது போலத்தான். எழுந்தும் போக முடியாது.

குறைந்த விலை என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. உன் சாமானையும் வேறு இருவர் சாமானையும் ஒரே லாரியில் ஏற்றுவதாக இருந்தால் உண்மையாகவே செலவு குறையும். ஆனால் அப்போது வழியில் கிடங்கில் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கலாம். என்றைக்கு வந்துசேரும் என்பதும் அவ்வளவு உறுதியாக இருக்காது. மாத இறுதியிலும் வார இறுதியிலும்தான் எல்லோரும் வீடு மாறுகிறார்கள். மாத நடுவில் ஒரு வேலைநாளில் போகச் சம்மதித்தால் அதற்காகவும் தொகை குறையலாம். எனவே எதனால் குறைகிறது என்று அவரிடமே கேள். காரணம் சொல்ல முடிந்தவரோடு மேலே பேசலாம். லாரி அவருடையதா, ஆட்கள் அவருடையவர்களா, அல்லது வேலையை வாங்கி வேறொருவருக்குக் கைமாற்றி விடுகிறவரா என்பதையும் கேட்டுவிடு. பெரும்பகுதியை முன்பணமாக, அதுவும் ரொக்கமாக, கேட்கிறவர் எனக்கு வேண்டவே வேண்டாம்.

வீடு பார்க்க வருகிற மதிப்பீட்டாளர் நல்லவராக இருந்தால் கொஞ்சம் தொந்தரவான ஆளாகத்தான் இருப்பார். அலமாரியைத் திறக்கச் சொல்வார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார், புது வீட்டு மாடிப்படியின் திருப்பம் எவ்வளவு அகலம் என்று கேட்பார். எரிச்சல் படாதே. ஐந்து நிமிடத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். நீயும் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் காட்டு. பரண், பால்கனி, படிக்கட்டின் கீழ் அடைத்து வைத்திருப்பது, பூந்தொட்டிகள் எல்லாமே கணக்கில் வர வேண்டும். அவர் கண்ணில் படாத ஒவ்வொன்றும் கடைசி நாளில் "கூடுதல் சாமான்" என்ற பெயரில் திரும்பி வரும்.

அவர் தரும் தாளில் தொகை மட்டும் இருந்தால் போதாது. அது நிர்ணயித்த தொகையா, கூடக் குறையப் போகக்கூடிய உத்தேசமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். கட்டுவது, கட்டில் பீரோக்களைக் கழற்றுவது, அங்கே மறுபடி பூட்டுவது, ஏற்றுகூலி, இறக்குகூலி, வரி, சுங்கம் எல்லாம் உள்ளடக்கமா? சாவி கைக்கு வரத் தாமதமானால் காத்திருப்புக்கும் கிடங்குக்கும் தனிக் கட்டணமா? வாயால் சொன்னவரும் லாரியோடு வருகிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். வருகிறவருக்குத் தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கழிக்க வேண்டியதை மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் கழித்துவிடு. அவர் போன பிறகு தூக்கிப் போட்டால் இல்லாத சாமானுக்கும் சேர்த்துத்தான் தொகை நிற்கும். நாடாவை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய்க் கதவுகளையும் லிப்டையும் சுவர்களையும் அள. இங்கே வந்து பீரோவையும் சோபாவையும் அள. நுழையாத பொருளைக் காசு கொடுத்துக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விருந்தாளிகளுக்காக நீ வைத்திருக்கும் மெத்தைகளைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

எல்லாவற்றையும் தானே கட்டிவிடுவதாக உன் வீட்டுக்காரர் சொல்கிறாராம். துணிமணி, புத்தகம், தலையணை வரைக்கும் தாராளமாகக் கட்டட்டும். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் மட்டும் போடச் சொல். ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டினால் தூக்குகிறவன் முதுகும் போகும், பெட்டியின் அடியும் போகும். பெரிய பெட்டி தலையணைக்கும் போர்வைக்கும்தான். ஆனால் கண்ணாடி, பீங்கான், சமையலறைச் சாமான் ஆகியவற்றை நிறுவனத்து ஆட்களே கட்டட்டும். அவர்கள் கைத்திறன் ஒரு காரணம்: தட்டுகளை அடுக்காமல் நிறுத்திவைத்துக் கட்டுவார்கள், குலுங்காதபடி இண்டு இடுக்கெல்லாம் தாளைத் திணிப்பார்கள். செய்தித்தாளாக இல்லாமல் வெள்ளைத் தாளாகக் கேள், மை ஒட்டாது. இன்னொரு காரணம்தான் பெரியது. நாமே கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால், பெட்டியின் வெளிப்புறத்தில் அடி தெரிந்தால் ஒழிய, பொறுப்பேற்க மாட்டோம் என்பார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது எழுதியே இருக்கும்.

பெட்டியின் மேல் எழுதாதே, பக்கவாட்டில் எழுது. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிய பிறகு மேற்புறம் தெரியாது. எந்த அறையிலிருந்து எடுத்தாய் என்பது இறக்குகிறவனுக்குத் தேவையில்லை. புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுது.

இயந்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். குளிர்பதனப் பெட்டியை முந்தைய நாளே நிறுத்தி, உறைந்த பனி உருகி உள்ளே காய்ந்துவிடும்படி திறந்து வை. நிமிர்ந்தபடிதான் போக வேண்டும். சாய்த்துக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தால் உடனே இணைக்காமல் பல மணி நேரம் நிமிர்த்தி வைத்திரு. கம்ப்ரசரிலிருந்து நழுவிய எண்ணெய் திரும்ப இறங்க வேண்டும். உன் துணி துவைக்கும் இயந்திரம் முன்பக்கக் கதவு உள்ளது அல்லவா? வாங்கியபோது அதன் பின்புறத்திலிருந்து நீளமான போல்ட்டுகளைக் கழற்றித் தந்திருப்பார்கள். டிரம் ஆடாமல் பிடிப்பவை அவை. தேடி எடுத்து மறுபடி மாட்டாமல் லாரியில் ஏற்றவிடாதே. அங்கே போய்க் கழற்றாமல் ஓட்டவும் கூடாது. தொலைக்காட்சியைப் படுக்கப் போட விடாதே. கம்பிகளைப் பிடுங்குவதற்கு முன் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள். கழற்றிய திருகாணிகள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பையில், பெயர் எழுதி, உன் கைப்பைக்குள்.

எரிவாயு சிலிண்டர், பெயின்ட், மண்ணெண்ணெய், ஸ்பிரே டப்பா, கழிவறை அமிலம் போன்றவற்றை ஒழுங்கான நிறுவனங்கள் ஏற்ற மாட்டார்கள். வீட்டுப் பத்திரம், நகை, மாத்திரை, சாவிக்கொத்து, வைப்பு ரசீது, படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் எல்லாம் உன்னோடு வர வேண்டியவை. கட்டுகிறவர்கள் வருவதற்கு முன்பே இவற்றை ஒரு குளியலறையில் வைத்துப் பூட்டிவிடு. அவர்கள் கை அவ்வளவு வேகம். குப்பைக்கூடையைக் குப்பையோடு சேர்த்துக் காகிதம் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

காப்பீடு வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டும். ஆனால் "காப்பீடு உண்டு அம்மா" என்ற வாய்வார்த்தை காப்பீடு ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆவணம் கைக்கு வர வேண்டும். பல ஒப்பந்தங்களில் இடமாற்றுகிறவரின் அடிப்படைப் பொறுப்பு பொருளின் எடைக்குத்தான்; அந்தக் கணக்கில் உன் மடிக்கணினியைவிடப் பழைய இரும்பு நாற்காலிக்கு மதிப்பு அதிகம். இன்னொன்று, கட்டணத்தை மிச்சப்படுத்தச் சாமான்களின் மதிப்பைப் பாதியாகக் குறைத்து எழுதினால், ஒரே ஒரு பொருள் உடைந்தாலும் அதற்குப் பாதி இழப்பீடுதான் தருவார்கள். உன் வீட்டுக்காரர் அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். விடாதே.

ஏற்றுகிற நாளில் உன் வேலை ஒன்றே ஒன்று: பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டி, அதன் நிலையையும் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் "கீறல் உண்டு" என்று எழுதிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்து. புதிதாக ஒரு கீறல் விழுந்தால் அது பழையதுதான் என்பதற்கு முன்கூட்டியே எழுதிவைக்கும் சாட்சி அது. விலையுயர்ந்தவற்றை முந்தைய நாளே படம் எடுத்து வைத்துக்கொள். லாரி கிளம்பும் முன் அலமாரி, பரண், கதவுக்குப் பின்புறம் எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இறக்கும்போது நீ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களைச் சரிபார். உள்ளே வழிகாட்டும் வேலை உன் வீட்டுக்காரருடையது, அதிகாரம் செய்ய அவருக்கும் ஏதாவது வேண்டுமே. கடைசிப் பெட்டி இறங்கியதும் லாரிக்குள் எட்டிப் பார். உடையும் சாமான் பெட்டிகளை அவர்கள் இருக்கும்போதே திற. உடைந்ததும் வராததும் இருந்தால் கையெழுத்துக்கு மேலே எழுது, பிறகுதான் கையெழுத்து. "நாளைக்கு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்" என்பார்கள். நாளைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். இழப்பீடு கோரும் காலக்கெடுவும் பொதுவாகக் குறுகியதுதான். ஆட்களிடம் முகம் சுளிக்காதே. நாள் முழுவதும் நம் கனத்தைச் சுமக்கிறவர்கள் அவர்கள். தண்ணீரும் உட்கார நிழலும் முதலிலேயே ஏற்பாடு செய்துவிடு. முதல் இரவுக்கான படுக்கை விரிப்பு, மாற்றுத்துணி, சோப்பு, சார்ஜர், கத்தரிக்கோல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். முகவரி மாற்றம், மின் மீட்டர் கணக்கு இவற்றை நீயே பார்த்துக்கொள்வாய்; அதில் எனக்கு உபதேசம் செய்தவளே நீதான்.

மதிப்பீட்டாளர்கள் வந்துபோனதும் அவர்கள் தரும் தாள்களின் நகலை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதோடு புது வீட்டு வாசல் கதவின் அகலத்தையும் எழுது. உன் அம்மா கொடுத்த அந்த மூன்று கதவு பீரோ அதில் நுழையாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நுழையாவிட்டால், வேறு யாருக்காவது கொடுப்பதற்கு முன் என்னிடம் கேள். எங்கள் வாசலை அளந்துவிட்டேன், தாராளமாக நுழையும்.

அன்புடன்,
உன் தோழி