வெளிச்சம் காணாது, மச்சான்

ஸ்காபரோ
மார்ச் 9

மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தடியை வீட்டில் வைத்துவிட்டுப் பால் வாங்கக் கடை வரைக்கும் நடந்து போய் வந்தாய் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். ஆப்பரேஷன் முடிந்த அன்று போனில் உன் குரல் இருந்த இருப்புக்கு இது பெரிய விஷயம். முழங்கால் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது உனக்குத் தெரியும்தானே. போன கிழமை 31ஆம் நாள் துடக்குக் கழித்தோம். பிள்ளை பகல் முழுக்க நித்திரை, இரவு முழுக்க விழிப்பு. என் மனைவி இப்போது மகள் வீட்டில்தான் நிற்கிறாள். வீட்டில் நானும் என் கன்றுகளும்தான்.

சரி, உன் மிளகாய்க் கன்றுக்கு வருகிறேன். கடிதத்தில் அதைப் பற்றி ஆறு வரிதான் எழுதியிருக்கிறாய். ஆனால் உனக்கு எவ்வளவு கவலை என்று எனக்கு விளங்குகிறது. முளைத்த பதினெட்டும் நூல் மாதிரி நீண்டு, யன்னல் பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன என்கிறாய். தண்ணீர் குறைந்துவிட்டதோ, உரம் போட வேண்டுமோ என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை, மச்சான். வெளிச்சம் காணாது, போதவில்லை. அவ்வளவுதான்.

இதை நம்புவதற்கு எனக்கே இரண்டு வருடம் எடுத்தது. காரணம், நாங்கள் படித்த பாடம் நேர்மாறானது. சிறிமாவோ பிரதமராக இருந்த காலத்தில் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதை நிறுத்திய பிறகு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் உன் அப்பா துரவடிக் காணி முழுக்க மிளகாய் போட்டாரே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் தந்த வேலை நாற்றுமேடைக் கிடுகைப் பார்ப்பது. வெயில் ஏற முன்னம் மூட வேண்டும், பின்னேரம் சரிந்ததும் எடுக்க வேண்டும். ஒரு நாள் நாங்கள் பந்து விளையாடப் போய்விட, செம்மண் சூட்டில் ஒரு பக்கக் கன்றெல்லாம் வாடிப்போனது. அன்றைக்கு அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. குனிந்து நின்று வாடின கன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கன்றுக்கு வெயில்தான் எதிரி என்று எனக்குள் அன்று பதிந்தது. இந்தக் கனடாவில் அந்த வெயிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம்.

யன்னலடி வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நீ சொல்வாய். எங்கள் கண் அப்படித்தான் ஏமாற்றும். இருட்டுக்குள் போனால் கண்மணி விரியும், வெயிலுக்குள் வந்தால் சுருங்கும், எங்களுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். செடிக்கு அந்த வசதி இல்லை. போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் ஒன்று இறக்கிப் பார். ஊரில் நல்ல மத்தியான வெயில் என்றால் ஏறத்தாழ 1 இலட்சம் லக்ஸ், அதுதான் வெளிச்சத்தை அளக்கிற அலகு. போன மாதம் முகில் மூடின ஒரு நாளில் என் வீட்டு யன்னல் ஓரத்தில் அளந்தேன், 1,500கூட வரவில்லை. சாப்பாட்டு மேசையில் 200. அதோடு டிசம்பரில் எங்களுக்குப் பகல் ஒன்பது மணித்தியாலம் மட்டுமே. நீ கியூபெக்கில் இன்னும் கொஞ்சம் வடக்கே இருக்கிறாய், உனக்கு அதுவும் இல்லை.

வெளிச்சம் போதாத கன்று தான் இன்னும் மண்ணுக்குள்ளேயோ வேறு செடியின் நிழலிலோ இருப்பதாகவே நினைக்கும். எப்படியாவது மேலே போய் வெயிலைப் பிடித்துவிடலாம் என்று, கையிலிருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கும். இலை சின்னன், தண்டு மெல்லிசு, வேருக்கு ஒன்றும் மிஞ்சாது. உன் கன்றுகள் யன்னல் பக்கம் சாய்ந்தது அந்தத் தேடலில்தான். அவை உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், கை மூட்டெல்லாம் வாதம். அவர் வளர்ப்பது கஞ்சா. முகத்தைச் சுளிக்காதே. 2018 அக்டோபர் 17 தொடக்கம் கனடாவில் அது சட்டப்படி வந்துவிட்டது, ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு 4 செடி வைக்கலாம். உங்கள் கியூபெக்கில் ஒன்றுகூட வைக்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊரில் பெரியவர்கள் முன்னால் அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டோம். அதனால் முதல் நாள் அவர் தன் பேஸ்மென்ட்டுக்குக் கூப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தார், பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு என்று. அவர் சொன்ன முதல் விஷயமே அதுதான்.

உள்ளே ஒரு சின்ன மேசை, மேலே இரண்டு வெள்ளை லைற், அதற்குக் கீழே ஒரே ஒரு கன்று. முளைத்து எட்டு நாள் என்றார். நான் குனிந்து பார்த்தேன். அடியில் இரண்டு விதையிலை, வழுவழுப்பாக, நகத்தளவு. அதற்கு மேலே முதல் உண்மையான இலைச் சோடி, ஒற்றை ஒற்றையாக, ஓரமெல்லாம் வாள்பல். அடுத்த சோடிக்கு மூன்று விரல் வருமாம், பிறகு ஐந்து, பிறகு ஏழு. தண்டு இரண்டு அங்குலம்கூட இல்லை, ஆனால் தடிப்பு! விரலால் தட்டினால் ஆடிவிட்டு நேரே வந்து நின்றது. என் வீட்டில் அதே வயதுக் கத்தரிக் கன்று ஐந்து அங்குலம் நீண்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. எது நல்ல கன்று என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

“லைற்றைச் செடிக்குக் கிட்டக் கொண்டு வா, தண்ணீர்க் கோப்பையைத் தூரத்தில் வை” என்றார் அவர். மிளகாயோ, கத்தரியோ, தக்காளியோ, அவருடைய செடியோ, முதல் மூன்று கிழமைக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வசனம் போதும் என்பது என் அனுபவம்.

என்ன லைற் என்று நீ குழம்ப வேண்டாம். ஊதா நிறத்தில் எரிகிற விலை கூடினதெல்லாம் தேவையில்லை. கராஜில் மாட்டுகிற நாலடி எல்இடி லைற் போதும். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் காட்ட 5000கே அல்லது 6500கே என்று போட்டிருக்கும், அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து எடு. அதில் நீலம் கூட, நீலம் தண்டை நீள விடாது. என்னுடையது ஒவ்வொன்றும் 40 வாட், இரண்டை அருகருகே தொங்கவிட்டிருக்கிறேன். முக்கியம் சங்கிலி. கன்று வளர வளர லைற்றை ஒவ்வொரு கண்ணியாக உயர்த்த வேண்டும். கன்றின் தலைக்கும் லைற்றுக்கும் நடுவில் நாலு அங்குலம், அதாவது உன் நாலு விரலை மடக்கி வைத்தால் வருகிற இடைவெளியை விடக் கொஞ்சம் கூட. ஒரு லைற்றை மட்டும் எரியவிட்டு ஆப்பால் அளந்தபோது நாலு அங்குலத்தில் 16,000 லக்ஸ் இருந்தது. ஒரு அடி தள்ளினதும் 5,000 சொச்சம். மூன்று அடியில் யன்னலடிக் கதைதான். அதே லைற், அதே மின்சாரம். கூரையில் மாட்டிவிட்டு “லைற் போட்டேனே, ஏன் நீளுகிறது” என்று கேட்கிறவர்கள் இங்கே கனபேர். கையை லைற்றுக்குக் கீழே ஒரு நிமிடம் வைத்துப் பார், சுடுகிற மாதிரி இருந்தால் மட்டும் இன்னும் ஒரு அங்குலம் உயர்த்து.

நேரத்துக்கு ஒரு டைமர் வாங்கு. ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம் எரியட்டும். பக்கத்து வீட்டுக்காரர் 18 விடுகிறார். அவருடைய செடிக்கு இரவு நீண்டால் பூக்கத் தொடங்கிவிடும், அதனால் அவருக்கு அது வேறு கணக்கு. மிளகாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கூடட்டும் என்று 24 மணித்தியாலமும் விட்டுவிடாதே. தக்காளியும் கத்தரியும் அப்படி விட்டால் இலை மஞ்சளாகிவிடும், இருட்டும் வேண்டும். இங்கே கிழமை நாளில் இரவு 7 மணியிலிருந்து விடிய 7 மணிவரை மின்சாரம் மலிவு என்பதால் நான் இரவு 7 தொடக்கம் அடுத்த நாள் காலை 11 வரை எரிய விடுகிறேன். இரண்டு லைற்றுக்கும் மாதம் 38 யூனிட் போல வரும். உங்கள் பக்கம் எங்களைவிட இன்னும் மலிவு. வயரை ஒரு தொய்வு விட்டுக் கட்டு, தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டட்டும். எக்ஸ்டென்ஷன் கட்டையைத் தட்டுக்குக் கீழே ஒருநாளும் வைக்காதே.

இனித் தண்ணீர். இதுதான் எனக்கு வலிக்கிற கதை. லைற் போட்ட முதல் வருடம் 24 கத்தரிக் கன்று, எல்லாம் நல்ல கட்டையாக, இரண்டாம் சோடி இலையோடு நின்றன. ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் மேலாலே தெளித்தேன். ஊரில் பூவாளியால் ஊற்றிப் பழகின கை. ஒரு நாள் விடிய இறங்கிப் போனால் ஒரு மூலையில் ஆறு கன்று படுத்திருந்தது. இலை பச்சைதான், வாடவே இல்லை. தண்டு மட்டும் மண்ணோடு சேர்கிற இடத்தில் நூல்போலச் சுருங்கி, யாரோ நகத்தால் கிள்ளிவிட்ட மாதிரி. மூன்றாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. அது நாற்றழுகல், ஈர மண்ணில் வருகிற பூஞ்சண வியாதி. விழுந்த கன்றைக் காப்பாற்ற வழியே இல்லை, வராமல் பார்ப்பதுதான். உன்னுடையவை படுத்ததும் ஒருவேளை பாதி இதனாலும் இருக்கலாம். வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு கிடந்தால் தண்டின் அடியைப் பார், சுருங்கிப் பழுப்பாக இருந்தால் அதுதான்.

அதற்குப் பிறகு மேலாலே ஒரு சொட்டும் விடுவதில்லை. தயிர்க் கோப்பைக்கு அடியில் நாலு ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, தட்டுக்குள் ஒரு விரல் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவேன். இருபது நிமிடத்தில் மண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிவிடும், மிச்சத்தை ஊற்றிவிடுவேன். அடுத்தது எப்போது என்று நாட்காட்டி பார்ப்பதில்லை, கோப்பையைத் தூக்கிப் பார்ப்பேன். ஈரக் கோப்பை கனக்கும், காய்ந்தது வெறும் கோப்பை மாதிரி இருக்கும். இரண்டு நாள் தூக்கிப் பார்த்தால் உன் கைக்கே தெரிந்துவிடும். மண் என்று தோட்டத்து மண்ணைப் போடாதே, விதை முளைக்கப் போடுகிற கலவை கடையில் கிடைக்கும். அதோடு ஒரு சின்ன மின்விசிறி, கன்று மெல்ல ஆடுகிற அளவுக்கு. காற்று மேல் மண்ணைக் காய வைக்கும், ஆடி ஆடித் தண்டும் தடிக்கும். உரம் இரண்டு சோடி உண்மையான இலை வரும்வரை வேண்டாம், அப்புறமும் பெட்டியில் சொன்னதில் கால்வாசி.

முளைக்க வைக்கும் வரைக்கும் வெளிச்சம் அவசியமில்லை, சூடுதான் வேண்டும். மிளகாய்க்கு 25 தொடக்கம் 28 பாகை. என் பேஸ்மென்ட் 18, அதனால் கோப்பைகளை மேலே பிரிட்ஜுக்கு மேல் வைத்து பிளாஸ்ரிக்கால் மூடுவேன். பத்து நாள் போலாகும். முதல் முளை வளைந்து தலை காட்டுகிற அன்றே மூடியை எடுத்து லைற்றுக்குக் கீழே கொண்டு போய்விட வேண்டும், அன்றே. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்ட அந்த ஒரு நாளில்தான் நீளத் தொடங்கும்.

இன்னும் காலம் போகவில்லை. கன்று வெளியே போவது மே 24 வார விடுமுறைக்குப் பிறகுதான், நீங்கள் அங்கே பத்திரியோட் நாள் என்கிற அதே திங்கள். இப்போது போட்டால் பத்துக் கிழமை இருக்கிறது, கணக்காக இருக்கும். வெளியே வைக்க முன்னம் ஒரு கிழமை பல்கனி நிழலில் முதல் நாள் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று பழக்கு. அந்த வேலை உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கிடுகுக்குப் பதில் ஒரு பழைய சேலைத் துண்டு போதும்.

இந்த உறைக்குள் ஒரு கடதாசிப் பொட்டலம் வைத்திருக்கிறேன். போன வருடம் என் வளவில் பழுத்த மிளகாயின் விதை, முப்பது இருக்கும். நல்ல உறைப்பு. தங்கச்சியிடம் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்லு. பதினைந்தைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வை. லைற் வாங்கப் போகும்போது மருமகனைக் கூட்டிக்கொண்டு போ, நீயாகப் பெட்டியைத் தூக்காதே, கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. மே கடைசியில் பேத்தியை விட்டு வர முடிந்தால் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வருவோம். எப்படி இருந்தாலும் முதல் முளை வந்த அன்று, நேரம் பார்க்காமல் போன் எடு. நான் இரவு கன்றுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி