பணத்தை மாற்றுவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாடு போகிறவர்களுக்காக ஞாயிறு இணைப்பில் நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். ரொக்கம், டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு போகிற ஃபாரெக்ஸ் கார்டு என்று நாலு கட்டம் போட்டு எதற்கு என்ன கட்டணம் என்று ஒப்பிட்டதெல்லாம் சரி. கடைசியில் ‘ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் போதும், வேறு கவலையே வேண்டாம்’ என்று முடித்திருந்தீர்களே, அங்கேதான் எனக்கு இடித்தது. நாலைந்து தடவை போய்வந்து, ஒவ்வொரு தடவையும் எங்காவது ஓரிடத்தில் கையைச் சுட்டுக்கொண்டவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். எந்தக் கார்டை எடுத்துப் போகிறோம் என்பதைவிட, அதைத் தேய்க்கும் நேரத்தில் பணத்தை மாற்றுவது யார் என்பதில்தான் காசு கரைகிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஓர் ஓட்டலைக் காலி செய்யும்போது வரவேற்பில் இருந்த பையன் மெஷினை என் பக்கம் திருப்பினான். திரையில் இரண்டு தொகை, மேலே யூரோவில், கீழே நம் நாட்டுப் பணத்தில். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், உங்கள் பணத்திலேயே போட்டுவிடுகிறேன், உங்களுக்குக் கணக்குப் பார்க்கச் சுலபம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அவனே அழுத்திவிட்டான். எனக்கும் அப்போது சந்தோஷம்தான், எவ்வளவு போகிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டதே என்று. ஊருக்குத் திரும்பி ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதே நாளில் அதே கார்டில் ஒரு மருந்துக் கடையிலும் வாங்கியிருந்தேன், அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை, யூரோவிலேயே போய்விட்டது. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஓட்டல் பில்லில் ஒவ்வொரு யூரோவும் எனக்குக் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதலாக விழுந்திருந்தது. ஐந்து நாள் வாடகையில் ஆறு சதவீதம் என்றால் எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற சங்கதி எளிது. அந்த நாட்டுப் பணத்திலேயே போடச் சொன்னால், கார்டின்மேல் பெயர் போட்டிருக்கிற விசா அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனம் தன் விகிதத்தில் மாற்றும், அது சந்தை விலையை ஒட்டித்தான் இருக்கும், அதற்கு மேல் நம் வங்கி தன் வெளிநாட்டுக் கட்டணத்தைப் போட்டுக்கொள்ளும். நம் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தாலோ, விலை வைப்பது அந்தக் கடையின் மெஷினை நடத்துகிற நிறுவனம். அதில் வரும் லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு, அந்தப் பையன் ஏன் அவ்வளவு அக்கறையாக அழுத்தினான் என்பது இப்போது புரிகிறதா? சில வங்கிகள் இத்தனைக்கும் பிறகு, கடை வெளிநாட்டில்தானே இருக்கிறது என்று தங்கள் கட்டணத்தையும் சேர்த்தே பிடிக்கின்றன.

நீங்கள் சிபாரிசு செய்த ஃபாரெக்ஸ் கார்டும் இதிலிருந்து தப்பாது. கார்டுக்குள் யூரோவை நிரப்பி வைத்திருக்கிறோம். மெஷினுக்கு அது தெரியாது, இந்தக் கார்டு எந்த நாட்டு வங்கி கொடுத்தது என்பது மட்டும்தான் தெரியும், அதனால் நம் நாட்டுப் பணத்தில் போடட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் யூரோ விலை நம் பணமாக மாறி, அந்தத் தொகையைக் கட்ட நம் கார்டில் இருக்கிற யூரோ இன்னொரு முறை மாறும். யூரோவைக் கையில் வைத்துக்கொண்டே யூரோ கொடுக்க இரண்டு தடவை தண்டம் அழுவது வேறு எங்கு நடக்கும்? அப்புறம், யூரோ நிரப்பிய கார்டை ஸ்விட்சர்லாந்தில் நீட்டினால் அங்கே ஃபிராங்க், அதற்கு ஒரு தனிக் கட்டணம்.

கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், கேட்காமல் மாற்றக்கூடாது என்று விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே விதி வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதையும் காட்டவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. காட்டுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நாலு பேர் நிற்கும்போது பொடி எழுத்தில் இருக்கிற அதை யார் படிக்கிறார்கள்? அதனால் நான் இப்போதெல்லாம் கார்டை நீட்டும் முன்பே “லோக்கல் கரன்சி” என்று சொல்லிவிடுகிறேன். ரசீதில் நம் பணத்தின் பெயர் வந்துவிட்டால், அங்கேயே நின்று ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். முகத்தைச் சுளிப்பார்கள், செய்வார்கள்.

ஏ.டி.எம்.மிலும் இதே கதைதான், வேஷம் மட்டும் வேறு. மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டு, ஏற்கிறேன் என்பதைப் பெரிதாகவும் மறுக்கிறேன் என்பதை ஓரத்திலும் வைத்திருப்பார்கள். மறுத்தால் பணமே வராதோ என்று எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. வரும். மறுப்பது அவர்களுடைய விகிதத்தை மட்டும்தான், பணம் அதேபோல் எண்ணி வெளியே வந்துவிடும். இது போக மெஷின்காரருக்கென்று ஒரு கட்டணம் இருந்தால் அது தனி. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டு என்றால் ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆயிரம் எடுத்தாலும் அதேதான், பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான், ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது சிக்கனம் என்ற நம் பழக்கம் அங்கே தலைகீழ். வங்கிக் கிளையின் சுவரில் இருக்கிற மெஷினாகப் பார்த்து, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது, கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார்கள். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

ரொக்கமே வேண்டாம் என்ற உங்கள் முடிவும் எனக்கு ஒப்பவில்லை. ஸ்வீடனில் சரிதான், ரொக்கம் வாங்க மாட்டோம் என்று கடை வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். ஜெர்மனியில் கார்டு எடுக்காத சின்னக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஜப்பானில் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு சின்ன ஊர்களில் சுற்றினால் திண்டாட்டம்தான், அங்கே வெளிநாட்டுக் கார்டுக்குப் பணம் தருகிற இடம் என்று தபால் நிலைய மெஷினையும் செவன் இலெவன் கடைக்குள் இருக்கிற மெஷினையும் நம்பிப் போகலாம். இறங்கியதும் டாக்சிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவு கையில் இருந்தால் போதும். அதை விமான நிலையக் கவுண்டரில் வாங்க நேர்ந்தால் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைப் பார்க்காதீர்கள், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 90க்கு வாங்கி 100க்கு விற்கிறவருக்குத் தனியாகக் கமிஷன் எதற்கு? செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இந்த விளையாட்டு எல்லை மீறிப் போய், 1,000 யூரோ வரைக்கும் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்த நாட்டில் 2019இல் சட்டம் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது.

பழைய நோட்டு விஷயம் ஒன்று. லண்டன் போகிறேன் என்றதும் என் அத்தை பீரோவிலிருந்து பத்திரமாக மடித்து வைத்திருந்த இருபது பவுண்டு காகித நோட்டை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரப் பெண் அதை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை, தொட்டதுமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். 2022 செப்டம்பரோடு காகித இருபதும் ஐம்பதும் கடைகளில் செல்லாமல் போய்விட்டன, எல்லாம் பிளாஸ்டிக் நோட்டுதான். பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நோட்டுக்காக அரை நாள் யார் செலவழிப்பது? அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

இன்னும் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஓட்டலிலும் வாடகைக் காரிலும் முன்பணம் என்று ஒரு தொகையைக் கார்டில் பிளாக் செய்வார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ அது நம் கைக்காசு, அறையைக் காலி செய்த பிறகும் பல நாள் மாட்டிக்கொண்டு கிடக்கும், பயணம் முழுவதற்கும் ஒரே ஃபாரெக்ஸ் கார்டு என்று போனவர் அன்று சாயங்காலம் என்ன செய்வார்? இரண்டாவது, ஓடிபி. போய் இறங்கியதும் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த ஊர் சிம்மைப் போட்டுக்கொண்டு நம் சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்துவிடுகிறோம். அன்றிரவு ரயில் டிக்கெட் போட உட்கார்ந்தால் ஓடிபி அந்தப் பர்சுக்குள்ளே இருக்கிற சிம்முக்குப் போகும்.

அந்தக் காலத்து டிராவலர்ஸ் செக்கை, முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிப் பயணத்தில் ரொக்கத்துக்குப் பதிலாகக் கொண்டுபோன காசோலையை, நினைத்துப் பார்க்கிறேன். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இல் கொண்டுவந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, செலவழிக்கும்போது அவர்கள் முன்னால் இன்னொன்று. செக் எண்களை வேறொரு தாளில் எழுதி வேறு பையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், தொலைந்தால் அந்த எண்களைச் சொல்லி மாற்று செக் வாங்கலாம். செக்கு போய்விட்டது, அந்தத் தாளை மட்டும் நான் விடவில்லை. இரண்டு வங்கியின் இரண்டு கார்டு, ஒன்று என்னிடம், ஒன்று அறையில் பெட்டிக்குள், தொலைந்தால் கூப்பிட வேண்டிய வங்கி எண்கள் ஒரு துண்டுத் தாளில். போன் திருட்டுப் போனால் போனுக்குள் சேமித்து வைத்த எண்ணால் என்ன பயன்?

மிஞ்சுகிற நாணயங்களைப் பற்றியும் யாராவது எழுதினால் தேவலை. நோட்டை வாங்கிக்கொள்ளும் கவுண்டர்கள் நாணயத்தை வாங்குவதில்லை. நான் கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் ஒரு காபி சொல்லிவிட்டு, பையில் இருக்கிற சில்லறையை எல்லாம் கவுண்டரில் கொட்டி எண்ணச் சொல்லி, குறைகிற பாக்கிக்குக் கார்டை நீட்டுகிறேன். அப்போதும் மெஷின் கேட்கிறது, உங்கள் நாட்டுப் பணத்தில் போடட்டுமா என்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி