மண் தொழில் கற்பிப்போருக்கு உரிய இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் பொதுமக்களுக்காக நடைபெறும் மண்பாண்டப் பயிற்சிக் கூடங்களில், சக்கரத்தின் முன் அமர்ந்து கற்றுத் தருவோருள் அய்யனாருக்கு மண் குதிரைகளைக் காணிக்கையாக எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு விழாவுக்கு வழிவழியாகக் குதிரை செய்து தரும் வேளார் என்னும் குயவர் குடும்பத்தினரும் உள்ளனர். ஊரார் முறைப்படி ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண்ணைக் கொடுத்த பிறகே அய்யனார் கோயில் புரவிக்கான வேலையைத் தொடங்கும் மரபினர் இவர்கள். கண்மாய்க் களிமண்ணுடன் மணலும் உமியும் எந்த அளவில் சேர வேண்டும் என்பதைக் கைப்பதத்தாலேயே அறிந்து, கால்களை உள்கூடாக எழுப்பி, அவை உடலின் எடையைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பின்னரே மேற்பகுதியைச் சேர்க்கிறார்கள். சுவரின் கனம் ஓரிடத்தில் மிகுந்தாலும், உள்ளே ஈரம் தங்கினாலும் சூளையில் உருவம் வெடித்துவிடும் என்பதால், இதனை அருகிலிருந்து பார்த்துத்தான் பழக முடியும்.

இத்தகையோரை 'உதவியாளர்' என அறிவிப்புப் பலகையில் குறிப்பிடுவதும், நகரத்திலிருந்து வரும் பயிற்சியாளருக்கு அளிப்பதைவிடக் குறைந்த ஊதியம் அளிப்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. நவீனக் கலைஞர்களின் பங்கை நான் குறைத்துக் கூறவில்லை. மெருகுப்பூச்சும் மின்சூளையும் அவர்களிடம் கற்க வேண்டியவையே.

நம் மாவட்டத்து மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை தொழில் செய்வோரையும் சேர வேண்டுமெனில், கூடங்களை நடத்துவோர் வேளார்களை ஆசிரியர் என்றே குறிப்பிட்டு, சமமான ஊதியம் வழங்க வேண்டும். கண்மாய் மண் எடுப்பதற்கான அனுமதியை வட்டாட்சியர் அலுவலகங்கள் மழைக்காலத்துக்கு முன்பே வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி.