பங்குக் கிணறும் ஆட்டக் கணக்கும்

குடியாத்தம்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பேத்திக்குக் காட்பாடியிலேயே கல்லூரி இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. உன் தம்பிகள் இருவரும் பங்குக் கிணற்றுக்காக ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திவிட்டதைக் குணக்கேடு என்று எழுதியிருந்தாய். பலன் எப்படிப் பங்காகிறது என்பதை முதலில் பார் என்பேன்.

1950 ஜனவரியில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளட், டிரெஷர் இருவரும், பொருளியலாளர் ஆல்சியனையும் கணித அறிஞர் வில்லியம்ஸையும் காசு வைத்து ஓர் ஆட்டத்தை நூறு சுற்று ஆட வைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியோடு ஒத்துழைப்பதா, அவனைக் கைவிரிப்பதா என்று ஆளுக்கொரு முடிவு எடுக்க வேண்டும். எதிராளி எதைச் செய்தாலும் கைவிரிப்பவனுக்கே அந்தச் சுற்றில் கூடுதல் காசு. ஆனால் இருவரும் கைவிரித்தால், இருவரும் ஒத்துழைத்திருந்தால் கிடைப்பதைவிடக் குறைவு. ஏட்டுக் கணக்குக் கைவிரிக்கச் சொல்லியும், 60 சுற்றுகளில் இருவரும் ஒத்துழைத்தார்கள். அடுத்த சுற்றிலும் இதே ஆளின் முகத்தில் விழிக்க வேண்டுமே!

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு ஆட்டம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 6. ஒருவன் மட்டும் கைவிரித்தால் அவனுக்கு 5, மற்றவனுக்குச் சுழியம். இருவரும் கைவிரித்தால் இருவருக்கும் சுழியம். இங்கே பேராசைக்காரனுக்குக்கூட ஒத்துழைப்பதுதான் ஆதாயம். அப்படியிருந்தும் பலர் கைவிரிக்கிறார்கள். 6-க்கு 6 என்பதைவிட 5-க்கு 0 என்பது அவர்களுக்கு வெற்றியாகத் தெரிகிறது. எதிராளியின் பலன் கண்ணில் படும்போது இந்தப் போட்டி கூடுகிறது என்று 1967-இல் மெஸ்ஸிக், தார்ன்கேட் என்ற உளவியலாளர்கள் இருவரும் சோதித்துக் காட்டினார்கள்.

பள்ளிகொண்டா பக்கம் என் மாமனார் ஊரில் இதையே கண்டேன். பங்காளிகள் இருவருக்கும் ஒரே கிணறு, நாள் விட்டு நாள் முறை. மும்முனை மின்சாரம் இடையில் நின்றுபோவதால், யாருடைய முறை எத்தனை மணி ஓடியது என்பதை மோட்டார் கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கிறார்கள். நியாயத்துக்காக வந்த ஏற்பாடுதான். இப்போதோ, தன் வேர்க்கடலைப் பாத்தியில் ஈரம் காயாதபோதும், அடுத்தவனுக்கு அரை மணி கூடிவிட்டதென்று ஒருவர் மோட்டாரை ஓடவிடுகிறார். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அந்த வீம்புக்குச் செலவும் இல்லை. அவருக்கெனத் தனி ஆழ்துளைக் கிணறு வேறு இருந்திருந்தால், கிணறு தூர் வார ஒரு ரூபாய்கூடத் தந்திருக்க மாட்டார்.

ஆகையால் தம்பிகளிடம் அண்ணன் தம்பிப் பாசம் பற்றிப் பேசாதே. மணிக் கணக்கை விட்டுவிட்டு, யார் வயல் காய்கிறதோ அங்கே முதலில் பாயட்டும் என்று சொல்லிப் பார்; தூர் வாரும் செலவைக் கோடைக்கு முன்பே இருவரிடமும் சமமாக வாங்கி வை. மூத்தவர் ஒப்புவார், இளையவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்