மேனிபோல்டைக் குடையலாமா?

மன்னார்குடி

அன்புள்ள ராமமூர்த்திக்கு,

கடிதம் கிடைச்சுது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம். நடவுக்கு ஆள் கிடைக்காம அல்லாடினதால வர முடியலை, தங்கச்சிகிட்ட சொல்லிடு. பாமணி ஆத்துல தண்ணி வந்தாச்சு. கடைமடைக்காரங்கதான் இன்னும் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.

அம்பாசடர் சமாச்சாரத்துக்கு வர்றேன். எக்ஸாஸ்ட் மேனிபோல்டை, அதான் இன்ஜின் புகையை வாங்கி சைலன்சர் குழாய்க்கு அனுப்புற வார்ப்பிரும்புக் குழாயை, உள்ளே குடைஞ்சு பாலிஷ் போட்டா வண்டி பறக்கும்னு உங்க ஊர்ப் பையன் சொல்றானாமே. பறக்காது. உன்னோடது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். நாலு சிலிண்டருக்கு, மேல மூடியிருக்கிற ஹெட்டுல எக்ஸாஸ்ட் வாய் மூணுதான், நடு ரெண்டும் ஒரே வாயில ஊதுது. சிலிண்டருங்க 1-3-4-2ன்னு வரிசையா எரியறதால நடுவுல இருக்கிற 2-ம் 3-ம் அடுத்தடுத்து வராது, அதுங்களுக்குள்ள முட்டல் இல்லை. நெருக்கடி எல்லாம் வால்வு உட்கார்ற வளையமான வால்வு சீட்டுலயும் அதை ஒட்டின வளைவுலயும். மதகு குறுகலா இருக்கறப்போ வாய்க்காலை வெட்டி அகலப்படுத்தி என்னடா பிரயோஜனம்?

கம்பெனி மேனிபோல்டையேதான் போடணும்னு விதி இருக்கிற பந்தயத்துல இதைச் செய்வாங்க. அரைக்கிற பொடி கலந்த களிம்பை அழுத்தி உள்ளே தள்ளி எடுப்பாங்க. இன்ஜின் உச்ச சுத்துல கதறும்போதுதான் அந்தப் பலன் தெரியும், அதுவும் கொஞ்சம். நீ நெல் டிராக்டர் பின்னாடி நீடாமங்கலம் ரோட்டுல ஊர்ந்து போறவன். பாலிஷ் மேலயும் சீக்கிரமே கரி படிஞ்சுடும்.

இதைவிடப் பெரிய பயம் வேற. வார்க்கிறப்போ உள்அச்சு லேசா நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. வெளியில பார்த்தா தெரியாது. மெல்லிசுப் பக்கத்தைக் குடைஞ்சு வச்சுட்டு, சூடேறின வண்டியை மழைத்தண்ணிக்குள்ள விட்டா விரிசல்தான். வார்ப்பிரும்பை ஒட்டவைக்க நிக்கல் வெல்டிங் ராடு வேணும், முன்னாடியே சூடாக்கணும், மெதுவா ஆறவிடணும். நம்ம பக்கம் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கு?

கை வச்சே ஆகணும்னா, ஹெட்டுக்கும் மேனிபோல்டுக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கட்டை வச்சு அடையாளம் போட்டுப் பாரு. மேனிபோல்டு விளிம்பு புகை வர்ற வழிக்குள்ள நீட்டிக்கிட்டிருந்தா அதை மட்டும் தேய்க்கச் சொல்லு. மேனிபோல்டு வாய் ஹெட் வாயைவிடக் கொஞ்சம் பெரிசா இருந்தா தொடவே வேண்டாம். திரும்பி வர்ற புகையை அந்தப் படி கொஞ்சம் தடுக்கும், நல்லதுதான்.

இன்னொண்ணு. உன் வண்டியில பெட்ரோல் கலந்த காத்து உள்ளே போற இன்லெட் மேனிபோல்டும் எக்ஸாஸ்டும் ஒரே ஸ்டட்டு போல்ட்டுல, ஒரே வாஷருக்கு அடியில உட்காருது. ஹெட்டுல பதியற முகத்தை ஒண்ணுல மட்டும் சீவினா அது இறுகாது, காத்து விடும். ரெண்டையும் சேர்த்தே சீவணும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு கேட்டு, சூடானதும் அடங்குதுன்னா அந்த லீக்காத்தான் இருக்கும்.

காசு செலவழிக்கணும்னு கை அரிச்சா ஹெட்டை இறக்கி வால்வு சீட்டைப் பாரு, டாப்பெட் இடைவெளி, தீப்பொறி டைமிங் சரிபண்ணு. சீட்டு வெட்டுற கட்டர் என் பட்டறையிலயே இருக்கு. நடவு முடிஞ்சதும் ஹெட்டோட வந்து சேரு, மேனிபோல்டையும் கொண்டா.

அன்புடன்,
கோவிந்தராஜ்